தேள்கொடுக்கு திரும்புமா?

பிப்ரவரி 4, செவ்வாய்

இந்த நோட்டு டாக்டர் எழுதச் சொன்னது. தினமும் பிரஷர், வாரம் இரண்டு தடவை சர்க்கரை, நடந்த தூரம். எழுதிக்கொண்டு மார்ச் ஏழாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். எதையும் ஒழுங்காகச் செய்து பழகிவிட்டதால் முதல் பக்கத்தில் விவரம் எழுதினேன்.

நோயாளி: வே. ஐயம்பெருமாள், வயது 57, அரசு பஸ் கண்டக்டர். இதயத்தில் பைபாஸ் முடிந்து பதினேழு நாள். எழுதுபவர்: மனைவி செண்பகவடிவு, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஹெர்பேரியத்தில் (உலர்செடிக் காப்பகம்) உதவியாளர்.

பிரஷர் 130/84. நடை: கட்டிலிலிருந்து வாசல் கேட் வரை, இருபத்திரண்டு அடி. திரும்பி வந்ததையும் சேர்த்தால் நாற்பத்து நான்கு. சேர்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 5

128/84. நடை: நேற்றுப் போல. கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார். வெளியே ஒரு அடி வைக்கவில்லை.

பிப்ரவரி 7

முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே பிழைத்த மனுஷன், இப்போது தெருவைப் பார்த்தால் பயப்படுகிறார். பயம் என்று சொல்ல மாட்டார். “வெயிலு”ங்கிறார். காலை ஆறரை மணிக்கு என்ன வெயில்?

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த தடவை வரும்போது இரண்டு கிலோமீட்டர் நிற்காமல் நடந்திருக்க வேண்டும். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், மறுபடி அட்மிட் செய்ய வேண்டிவரும். நான் சொன்னால், “எத்தன நாளைக்குட்டி நடக்கப் போறேன்” என்கிறார்.

இன்று பீரோவைத் திறந்துவைத்து எந்தப் பேப்பர் எந்தத் தட்டில் இருக்கிறது என்று பாடம் நடத்தினார். கடைசியில் ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தார். யூனிபாரத்தில், விசில் கழுத்தில் தொங்க, நல்ல சிரிப்பு. “பெருசாக்கி மாலை போடணும்னா இத வையி. ஓசூர்ல இருந்து கோமதி வந்து வேற எதையாவது தேடிக்கிட்டு நிக்கப்படாது” என்றார். கோமதி எங்கள் மகள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அவருக்கு உப்புக் குறைக்கச் சொல்லியிருப்பதால் யாருக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

126/82. போட்டோவைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்கிறார். தேடட்டும். பீரோவுக்கும் கட்டிலுக்கும் பதினாறு தடவை போய்வந்தார். நடைக் கணக்கில் சேர்த்தேன்.

பிப்ரவரி 10

லீவு முடிந்தது. பக்கத்து வீட்டுப் பேச்சியை அடிக்கடி எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

என் வேலையைக் கேட்டால் ஆளாளுக்குச் சிரிப்பார்கள். காய்ந்த செடியை அட்டைத்தாளில் வைத்துத் தைப்பது. முப்பத்தோரு வருஷமாக ஊசியும் நூலும். ஒவ்வொரு ஷீட்டுக்கும் கீழே ஒரு லேபிள்: செடியின் பெயர், கிடைத்த இடம், தேதி, சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண். அந்த எண்ணுக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் பறித்த முதல் செடிக்கு ஒன்று. அதன்பின் அவர் எந்த ஊரில் பறித்தாலும் எண் ஏறிக்கொண்டேதான் போகும். புது வருஷம் வந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கக் கூடாது. ஆள் இருக்கிறவரை எண் ஓடும்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த ஞானமுத்து சாரின் எண் 4816-இல் நிற்கிறது. அது ஒரு தேள்கொடுக்குச் செடி. எங்கள் ஊர்க் குளத்தில் தண்ணீர் வற்றும்போது முளைக்கிற காட்டுச்செடி. சார் அதைப் பறித்து வந்து பேப்பரில் அமுக்கிவைத்துவிட்டுப் போனார், அந்த வாரமே இறந்துவிட்டார். தைத்தது நான். இன்று அந்த ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். காரணம் ஒன்றுமில்லை, பதினாலாம் அலமாரியில் நாப்தலின் உருண்டை மாற்ற வேண்டியிருந்தது.

மாலையில் வந்து இவரிடம் சொன்னேன்: “எங்க தேள்கொடுக்கு ஷீட்ட பூச்சி அரிச்சிட்டு. புதுசா ஒண்ணு வேணும். நம்ம குளத்துல கெடக்கும், எனக்குத்தான் நேரமில்ல.”

“அதுக்கு நான் என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா சொன்னேன்.”

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 11

காபி குடிக்கும்போது அவரே கேட்டார். “அந்தச் செடிக்கு இங்கிலீசுல என்ன பேரு?”

“இங்கிலீசு இல்ல, கிரேக்கப் பேரு. ஹீலியோட்ரோபியம். சூரியனோட திரும்புறதுன்னு அர்த்தம். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி ஒரு கிரேக்க வைத்தியர் எழுதி வச்சிருக்காராம், சூரியன் போற பக்கமெல்லாம் இலை திரும்பும்னு.”

“தேள்கொடுக்கா? திரும்புதா?” எழுந்து உட்கார்ந்துவிட்டார். “ஏட்டி, சின்னதுல இருந்து அந்தக் குளத்துலதான் எரும குளிப்பாட்டிருக்கேன். அது எங்க திரும்பிச்சு?”

“நீங்க எருமையத்தான பாத்திய.”

இப்படி ஒரு வார்த்தை போதும். ஐயம்பெருமாளிடம் தப்பான சில்லறையைக் கொடுத்துவிட்டு எவனும் பஸ்ஸை விட்டு இறங்கியதில்லை. கிரேக்கன் மட்டும் எப்படி இறங்குவான்?

பிப்ரவரி 12

கேட்டுக்கு வெளியே போனார். பெட்டிக்கடை வரை. பேச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். 124/82.

பிப்ரவரி 13

பெட்டிக்கடை முதல் ஸ்டேஜாம். அம்மன் கோயில் இரண்டாம் ஸ்டேஜ், குளத்து மடை மூன்றாவது, கடைசி. வீட்டிலிருந்து மடை ஒரு கிலோமீட்டர் இருக்கும். இன்று இரண்டாம் ஸ்டேஜ் வரை போய், கோயில் படியில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். வியர்த்திருந்தது. நான் பயந்தேன், ஆனால் முகத்தில் காட்டவில்லை. அவரும் காட்டவில்லை. இரண்டு பேரும் சுண்டல் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 15

கடைசி ஸ்டேஜ்! மாலையில் நானும் கூடப் போனேன். மடையை ஒட்டி ஈரம் காய்ந்த கரம்பை வண்டல் மண்ணில் முழங்கால் உயரத்துக்குத் தேள்கொடுக்கு கிடந்தது. வெளிர் நீலப் பூ, வால் மாதிரி நீண்ட பூங்கொத்தின் மேல்பக்கம் வரிசையாக. நுனி மட்டும் சுருண்டு, கொட்ட வருகிற தேளின் வாலாக நின்றது.

வெட்கத்தைவிட்டு ஒன்று எழுதுகிறேன். இந்தச் செடியை நான் எத்தனையோ தடவை தைத்திருக்கிறேன், உயிரோடு உற்றுப் பார்த்தது இன்றுதான். எங்களிடம் வரும்போது அது அமுங்கிச் சப்பையாக, பழுப்பாக இருக்கும். வால் இப்படி வானத்தைப் பார்த்துத் தூக்கி நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

இவர் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, கிழக்குப் பார்த்த இலையில் சிவப்பு நூல் கட்டினார். பழைய நோட்டில் டிரிப் ஷீட் மாதிரிக் கோடு போட்டு வந்திருந்தார். தேதி, நேரம், சூரியன் எந்தப் பக்கம், நூல் எந்தப் பக்கம். காலை ஒரு டிரிப், மாலை ஒரு டிரிப். எட்டிப் பார்த்தேன், மூடிவிட்டார்.

“செக்கிங் வரும்போது காட்டுதேன். அதுவர பயணிகள் பாக்கப்படாது.”

பிப்ரவரி 16

122/80. இரண்டு டிரிப்.

பிப்ரவரி 17

இரண்டு டிரிப். கோமதி போனில் கேட்டாள், “அப்பா என்ன பண்றாங்க?” “கிரேக்கனோட சண்டைக்குப் போயிருக்காங்க” என்றேன். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

பிப்ரவரி 20

இங்கே உண்மையை எழுதலாம், டாக்டர் நடைக் கணக்கை மட்டும்தான் பார்ப்பார். தேள்கொடுக்கு திரும்பாது. ஞானமுத்து சார் அன்றைக்கே சொன்னார்: “அந்த வைத்தியர் பாத்தது அவங்க ஊர்ச் செடி, வடிவு. பேரு மட்டும் நம்ம செடிக்கும் வந்து ஒட்டிக்கிட்டு.” அதுவும் நிஜமாகவே திரும்பியதா என்பது சாருக்குச் சந்தேகம்தான்.

தினமும் வீட்டுக்கு வந்ததும் நான் “திரும்பிச்சா?” என்று கேட்கிறேன். இவர், “இன்னும் முடிவு சொல்ல முடியாது” என்கிறார். “நல்லாப் பாருங்க, அவசரப்படாதிய” என்கிறேன் நான். நாலு கிலோமீட்டர் நடக்கிறார். ராத்திரி அசந்து தூங்குகிறார். முன்பெல்லாம் அவர் மூச்சு வருகிறதா என்று நான் விழித்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது குறட்டையே சொல்லிவிடுகிறது. முப்பது வருஷமாகத் திட்டிய குறட்டை.

பிப்ரவரி 24

இன்று வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. காலையில் நன்றாக இருந்த செடியை மாலை போவதற்குள் யாரோ ஒருவரின் எருமை மிதித்துவிட்டது. நூல் சேற்றோடு கிடந்ததாம். வந்து கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

“போதும்ட்டி. எனக்கு இதெல்லாம் எதுக்கு.”

126/88. பழைய குரல். அந்த எருமையைச் சபித்தேன். எருமைக்காரனையும் சேர்த்து.

பிப்ரவரி 25

விழித்தபோது கட்டிலில் ஆள் இல்லை. தலையை அள்ளி முடிந்துகொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிரே வருகிறார், செருப்பெல்லாம் கரம்பை.

“மடைக்கு அங்கன எரும எறங்காத மேடு ஒண்ணு இருக்கு. அங்க ஒரு செடி பாத்து வச்சிட்டேன். எரநூறு அடி கூட ஆவும், பரவால்ல.”

தெருவிலேயே அழுதிருப்பேன். பேச்சி கோலம் போட்டுக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 1

120/80. கல்யாணத்தின்போதுகூட இந்த பிரஷர் இருந்திருக்காது.

சாப்பிடும்போது கேட்டார்: “அந்தக் கிரேக்கன் வேற என்ன எழுதிருக்கான்?”

“இதே செடிக்கு இன்னொரு பேரும் சொல்லிருக்காராம். தேள் வால்னு.”

கையில் எடுத்த உருண்டையை அப்படியே வைத்துவிட்டார். “தேள் வாலா? நாம சொல்லியா அவனுக்குத் தெரியும்?”

“நாம எங்க போய்ச் சொன்னோம்? அவங்க ஊர்லயும் அது அப்படித்தான் சுருண்டுருக்கும். பாத்தவங்க அப்படித்தான் சொல்லிருப்பாங்க.”

“அப்போ அவனும் குளத்துல எறங்கிப் பாத்தவன்தான்.” அதற்குப் பிறகு கிரேக்கன்மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. இன்னும் இரண்டு வாய் சோறு கேட்டார்.

மார்ச் 5, புதன்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. என் புளுகு இருபத்து மூன்று நாள் ஓடியது. இன்று பிடிபட்டேன்.

பதினோரு மணிக்கு ஹெர்பேரியம் வாசலில் வந்து நிற்கிறார் இவர்! ஆப்பரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகத் தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறார். கையில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு தேள்கொடுக்குக் கொத்து. எனக்குக் கொடுத்து ஆச்சரியப்படுத்த வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் துறைத் தலைவி எஸ்தர் மேடம் வந்துவிட்டார்.

“வாங்க சார், ஒடம்பு எப்படி இருக்கு? அட, தேள்கொடுக்கா? நம்மகிட்ட அருமையான ஷீட்டே இருக்கு சார். வந்து பாருங்க.”

“மேடம், அந்த அலமாரி சாவி...” என்றேன். சாவி அலமாரியிலேயே தொங்கியது.

பதினாலாம் அலமாரி, மேலிருந்து மூன்றாவது தட்டு. மேடம் உறையைத் திறந்தார். பூச்சி அரிக்காத, ஒரு பூகூட உதிராத 4816. கூடவே ஒரு போட்டோ நழுவித் தரையில் விழுந்தது. யூனிபாரம், விசில், நல்ல சிரிப்பு.

“இது நீங்கதான?” என்றார் மேடம்.

இவர் குனிந்து போட்டோவை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. ஷீட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தேதி, பெயர், எண் எல்லாம் படித்தார்.

“இதுக்கு அடுத்த நம்பர் எங்க இருக்கு மேடம்?”

“அடுத்தது இல்ல சார். இத எடுத்த வாரமே அவங்க தவறிட்டாங்க.”

தலையை ஆட்டினார். போட்டோவைத் தானே அந்த உறைக்குள் வைத்து மூடிக் கொடுத்துவிட்டு, “வாரேன் மேடம்” என்று போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் இல்லை. மாலை டிரிப் போயிருந்தார். வந்து சாப்பிட்டார், படுத்தார். பிரஷர் பார்க்கக் கையை நீட்டினார். 122/80. என்னுடையதைப் பார்த்திருந்தால் மெஷின் வெடித்திருக்கும்.

மார்ச் 6

காலையில் காபி கொடுக்கும்போது நோட்டை என் பக்கம் தள்ளினார். “செக்கிங்” என்றார்.

பிரித்தேன். பிப்ரவரி 15 மாலையிலிருந்து நேற்று மாலை வரை முப்பத்தேழு டிரிப். ஒரு டிரிப் விட்டுப்போகவில்லை. ஒரு வரியில் “எருமை மிதித்தது”. மீதி முப்பத்தாறு வரியிலும் ஒரே வார்த்தை: “திரும்பவில்லை.”

“மொத நாளே தெரிஞ்சிட்டா?”

“ரெண்டாம் நாளு.”

“பொறவு எதுக்குத் தெனம் போனிய?”

காபியை ஆற்றினார். குடிக்கிற சூட்டுக்கு வந்த பிறகும் ஆற்றினார்.

“நீ வேல முடிஞ்சு வந்து, செருப்பக்கூடக் கழத்தாம, திரும்பிச்சான்னு கேப்ப. ஆஸ்பத்திரில இருந்து வந்ததுலேர்ந்து உன் மூஞ்சில அந்த நேரத்துல மட்டுந்தான் வெளிச்சம் இருந்துச்சு. திரும்பலன்னு முடிச்சிட்டா மறுநாள் என்னத்தக் கேப்ப?”

அவரை நடக்க வைப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“பூச்சி அரிச்சிட்டுன்னு பொய் சொன்னது தப்புதான்” என்றேன்.

“கவர்மெண்ட் வண்டின்னா உன்ன எறக்கி விட்டுருப்பேன். சரி, போ.” அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “போட்டோவ எதுக்கு அங்க கொண்டு வச்ச?”

“வீட்டுல இருந்தா நீங்க எடுத்து எடுத்துப் பாப்பிய. கிழிச்சுப் போடவும் மனசு வரல.”

“அங்கயே இருக்கட்டும். பூச்சி அரிக்காதுல்லா.”

மார்ச் 7

டாக்டர் இந்த நோட்டைப் புரட்டினார். நடுப் பக்கங்களை அவர் படித்துவிடுவாரோ என்று எனக்கு உதறல். நடைக் கணக்கை மட்டும் பார்த்தார். “தெனம் நாலு கிலோமீட்டரா? எப்படிம்மா நடக்க வச்சீங்க?”

“கிரேக்க மருந்து” என்றார் இவர். டாக்டருக்குப் புரியவில்லை. அடுத்த மாதம் டியூட்டிக்குப் போகலாமாம், உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றால்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு பேரும் காலையிலேயே குளத்துக்குப் போனோம். மேட்டிலிருந்த நூல் கட்டிய செடியை வேரோடு எடுத்தோம். வேரை மடைத் தண்ணீரில் அலசியது இவர். அமுக்கிவைக்க நான் பழைய பேப்பர் விரித்தபோது பார்த்துவிட்டு, “அது கண்ணீர் அஞ்சலிப் பக்கம். வேற போடு” என்றார். கிரிக்கெட் பக்கம் போட்டேன்.

வாலை நேராக்கி அமுக்குவதுதான் வழக்கம், பூ எண்ண வசதி. இந்தத் தடவை சுருளை அப்படியே விட்டு, இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து அமுக்கினேன். உயிரோடு பார்த்தாயிற்று, இனி மாற்றி வைக்க மனசு ஒப்பவில்லை.

மார்ச் 12

118/80. பேப்பர் மாற்றினேன். செடி நன்றாகக் காய்கிறது. மாலை அவியல்.

மார்ச் 21, வெள்ளி

செடி தயார். மேடத்திடம் கேட்டேன். “நம்ம ஷீட் இருபது வருஷப் பழசு. புதுசு ஒண்ணு இருந்தா நல்லதுதான” என்று சொல்லிவிட்டார். மத்தியானம் உட்கார்ந்து தைத்தேன். சுருள் வால் அப்படியே நின்றது. லேபிளில் பெயர், இடம், தேதி எழுதினேன். குறிப்பு என்ற இடத்தில், “பத்தொன்பது நாள் காலையும் மாலையும் பார்த்ததில் சூரியனை நோக்கி இலை திரும்பவில்லை.” சேகரித்தவர்: வே. ஐயம்பெருமாள். சேகரிப்பு எண் என்ற இடத்துக்கு வந்தபோது கை கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினேன். போனில் படம் எடுத்து வீட்டுக்கு வந்து காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். தன் பெயரை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார்.

“நம்பர் ஒண்ணா?”

“மொதச் செடி ஒண்ணுதான்.”

“ஒண்ணுன்னு போட்டா பொறவு ரெண்டு வரணும்லா?”

“விதி அப்படித்தான். நடுவுல நிப்பாட்ட முடியாது.”

தன் டிரிப் நோட்டை எடுத்தார். முப்பத்தேழு வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு முடித்தார். புதுப் பக்கம் திருப்பி, மேலே ‘2’ என்று எழுதி, பக்கத்தை வெறுமையாக விட்டு மூடிவைத்தார். நான் அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான். பிறகு தோசைக்கு ஆட்டினேன்.

மார்ச் 22

பிரஷர் பார்க்கவில்லை. நான் எழுந்திருக்கும்போதே ஆள் கேட்டைத் தாண்டியிருந்தார். தெருவிலிருந்து சத்தம் போட்டுக் கேட்டார், “ஏட்டி வடிவு, நெருஞ்சிக்குக் கிரேக்கன் என்ன சொல்லுதான்?”